லோடர் சொல்லாம குண்டு போகாது

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் குட்டை. இப்படி சோபாவுல உட்காருங்க. ஃப்ரிட்ஜ் இடிக்கும், கொஞ்சம் முட்டியை மடக்கிக்கோங்க. ஹால் நடுவுல எதுக்கு ஃப்ரிட்ஜ் நிக்குதுன்னு பார்க்கறீங்களா? சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். அதுக்கு முன்னாடி விஷயத்தை உடைச்சிப் பேசிடலாம். நான் இல்லைன்னு தான் சொல்லப் போறேன்.

முகத்தை அப்படி வச்சிக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பொண்ணு ஹேமலதா உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்குது. குடி கிடையாது, பெத்தவங்களை நல்லா பார்த்துக்கறீங்க, திருவள்ளூர்ல சொந்த வீடு. ஆளும் பார்க்க லட்சணமா தான் இருக்கீங்க. எங்க வீட்ல உங்களுக்கு ரெண்டு ஓட்டு விழுந்தாச்சி. ஆனா என் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லிடுச்சி, ‘அப்பா சரின்னு சொன்னா தான் கல்யாணம், இல்லைன்னா இப்படியே இருந்துடுவேன்’னு. அதனால என் ஓட்டு தான் ஓட்டு. அத்த நான் குடுக்கறதா இல்ல. என் வீட்டுக்காரி கனகவல்லி டீ போட்டுக்கினு இருக்கா, குடிச்சிட்டுப் போங்க. டீ குடுக்காம அனுப்பற வழக்கம் என்கிட்ட கிடையாது.

பேரு லோகநாதன் தானே? நல்ல பேரு. என் பேரு வாசல்லயே போர்டுல இருக்குது, பார்த்திருப்பீங்க. தஃபேதார் ஏகாம்பரம், ஓய்வு. மத்த பட்டாளத்துல அவில்தார்னு சொல்றாங்களே, அது தான் டேங்க் படையில தஃபேதார். குதிரைப் படை காலத்துப் பேரு. குதிரை போய் எத்தனையோ காலம் ஆச்சி, பேரை மட்டும் விடாம வச்சிருக்காங்க. ஆனா டேங்க்ல இருந்த நாலாவது ஆள் போயிட்டான் பாருங்க, அவனை ஏன்னு கேக்க ஒருத்தன் இல்ல.

நீங்க இன்னா வேலை செய்யறீங்கன்னு ஹேமா மொதல்ல சொல்லவே இல்ல. ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனி, அதுல இதுக்குக் கணக்குப் பிரிவுல வேலை, நீங்க டிசைன் இஞ்சினியர், அவ்ளோ தான் சொல்லிச்சி. இன்னா டிசைன்னு கேட்டேன். மெஷின்னு சொல்லிச்சி. இன்னா மெஷின்னு கேட்டேன். அப்ப கனகவல்லி வந்து, ‘சாப்பிடறப்ப எதுக்கு அதெல்லாம்’னு ரசத்தை ஊத்தினா. கேக்காம அவ ரசம் ஊத்தினா உள்ள ஏதோ விஷயம் இருக்குதுன்னு அர்த்தம். நான் விடலை. கேட்டுக் கேட்டுக் கடைசியில வாங்கிட்டேன். டேங்க்குக்குள்ள குண்டை எடுத்துத் தானா பீரங்கியில ஏத்தற மெஷின்.

தம்பி, உலகத்துல எத்தனை மெஷின் இருக்குது. தேங்கா உரிக்கிற மெஷின் செஞ்சிருக்கலாம், உங்க வீட்டுக்கே வந்து மாலை போட்டிருப்பேன். குண்டு ஏத்தற மெஷின் தான் உங்களுக்குக் கிடைச்சுதா? நான் யாரு? லோடர். குண்டு ஏத்தறவன். சர்வீஸ்ல அது ஒண்ணு தான் எனக்குத் தெரிஞ்ச வேலை. என் சோத்துல மண்ணைப் போட்ட மெஷினைச் செய்யறவருக்கு நானே பொண்ணையும் குடுத்து, கையையும் கழுவி விடணுமாம். எனக்கு வயிறு எரியுது. உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

லோடர்னா இன்னான்னு உங்களுக்குப் படத்துல தெரியும். நேர்ல எப்படின்னு கேளுங்க. டேங்க்ல நாலு பேரு. டிரைவர் முன்னாடி படுத்துக்கினு ஓட்டுவான். கமாண்டர் மேல தலையை நீட்டிக்கினு அதிகாரம் பண்ணுவாரு. கன்னர் கண்ணாடியில கண்ணை வச்சிக் குறி பார்ப்பான். நாலாவது லோடர். அவனுக்கும் பேருக்கு ஒரு சீட்டு இருக்குது, அதுல உட்கார்ந்தவன் தான் யாரும் இல்ல. டேங்க் மேட்டுல ஏறிப் பள்ளத்துல குதிக்கும், அவன் நின்னுக்கினே இருக்கணும். கூட்டமான பஸ்ல, கம்பியைப் பிடிக்காம, ரெண்டு கையிலயும் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கினு நின்னு பாருங்க. அது தான் லோடர்.

பின்னாடி ஒரு இரும்புப் பெட்டி. அதுல குண்டுங்க, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு குழாய். அந்தப் பெட்டிக்கு ஒரு கதவு, நகர்ற கதவு. முட்டியால ஒரு தட்டு தட்டினா திறக்கும், முட்டியை எடுத்தா மூடிக்கும். ஏன் முட்டி? கை ரெண்டும் குண்டுக்கு வேணும் இல்ல. பெட்டியோட மேல் மூடியை மட்டும் லேசா வச்சிருப்பாங்க. எதிரி அடிச்சி உள்ள தீப்பிடிச்சா வெடி அந்த மூடியைத் தூக்கிக்கினு மேல போயிடும், ஆளுங்க பொழைச்சிக்குவாங்க. ஆனா கதவு சாத்தியிருக்கணும். கதவு திறந்திருந்தா நாலு பேரும் காலி. அதனால லோடர் கதவைத் திறந்து வச்சிக்கினு பராக்கு பார்க்க முடியாது. தட்டு, இழு, சாத்து, திருப்பு, தள்ளு. முழங்கையை எடு, இல்லைன்னா பீரங்கி பின்னாடி உதைக்கிறப்ப கை அதோட போயிடும். அப்புறம் சுவிட்சைப் போட்டு ‘லோடட்’னு கத்து.

இங்க தான் நீங்க நல்லா கவனிக்கணும். அந்த சுவிட்ச் லோடர்கிட்ட இருக்குது. அவன் போடாம கன்னர் எவ்ளோ அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது. கமாண்டர் காட்டுக் கத்தல் கத்தினாலும் நடக்காது. ஜெனரலே உள்ள வந்து உட்கார்ந்தாலும் நடக்காது. லோடர் சொல்லாம குண்டு போகாது. ரேங்க்ல கடைசி ஆளு, அவன் வாயைத் திறக்கிற வரைக்கும் அத்தனை பெரிய வண்டியும் காத்துக்கினு நிக்கும். வேற எந்த வேலையில இந்த மரியாதை இருக்குது, சொல்லுங்க. சில சமயம் எல்லாம் சரியா இருந்தாலும் நான் ஒரு மூச்சு கூடுதலா நின்னு தான் சொல்லுவேன். சும்மா தான். அவங்க திட்டிக்கினே காத்துக்கினு இருக்கிறதைப் பார்க்க நல்லா இருக்கும்.

டீ வந்துடுச்சி. எடுத்துக்கோங்க, சுடும். டம்ளர்ல பேரு வெட்டியிருக்குது பாருங்க, கனகவல்லி. எங்க கல்யாணத்துல அவங்க வீட்ல வச்ச சீரு. ஆறு வந்துச்சி, இப்ப அஞ்சு இருக்குது. அந்த ஆறாவது டம்ளரை இவ இன்னும் விடாம கேட்டுக்கினு இருக்கா. இப்பக் கூடப் பாருங்க, ‘மாப்பிள்ளை எதிர்லயாவது அது எங்க போச்சின்னு சொல்லுங்களேன்’ங்கறா. மாப்பிள்ளைன்னு சொல்லாத கனகவல்லி. தம்பின்னு சொல்லு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. நீ போய் தோசையைப் பாரு.

டீ எப்படி இருக்குது? நான் போட்டா இன்னும் நல்லா இருக்கும். டேங்க்ல யாரு டீ போடறதுன்னு நினைக்கறீங்க? லோடர் தான். செயின் கழண்டா சம்மட்டி தூக்கறது யாரு? லோடர். மத்தவங்க தூங்கறப்ப துப்பாக்கியோட காவல் நிக்கறது, சீட்டு ஆட நாலாவது கை போடறது, எல்லாம் லோடர். உங்க மெஷின் டீ போடுமா? சிரிக்காதீங்க, நெஜமா தான் கேக்கறேன். போடாது இல்ல? ‘அது எங்களுக்குக் குடுத்த தேவைப் பட்டியல்ல இல்லை சார்’னா? அந்தப் பட்டியலை எழுதினவருக்கு எழுதறப்பவே யாரோ டீ கொண்டாந்து குடுத்திருப்பாங்க. அதான் அவருக்கு ஞாபகம் வரலை.

என் பெட்டியில ஒரு குழாயை எப்பவும் குண்டு இல்லாம வச்சிருப்பேன். அதுல ஒரு ஃப்ளாஸ்க், சர்க்கரை டப்பா, ஏலக்கா, இந்த டம்ளர்ல நாலு. துணியைச் சுத்தி உள்ள விட்டா அசையாது. தப்பு தான், ஆனா கமாண்டருக்கே தெரிஞ்ச தப்பு. ஹவா சிங் சாப்னு பேரு, ஹரியானாக்காரர். அவரு ‘சாபோ’ன்னு கத்தினா ஊசி மாதிரி இருக்கிற குண்டு, இரும்பைத் துளைச்சிக்கினு போவும். ‘ஹெஷ்’னு கத்தினா இன்னொரு குண்டு, அது போய் வரட்டி தட்டின மாதிரி இரும்பு மேல அப்பிக்கினு அப்புறம் வெடிக்கும். ‘கரம்’னு கத்தினா டீ, ஹிந்தியில கரம்னா சூடு. மூணுக்கும் முட்டி, கதவு, கை எல்லாம் ஒண்ணு தான். டீ குடுத்துட்டும் ‘லோடட்’னு தான் சொல்லுவேன்.

ராஜஸ்தான்ல மணல் காட்டுல ஒரு தடவை ஃபயரிங் கேம்ப் போட்டாங்க. குளிர் காலம். பெரிய பெரிய அதிகாரிங்க ஜீப்புல வந்து இறங்கினாங்க. ஆள் குண்டு ஏத்தற டேங்க் உசத்தியா, மெஷின் ஏத்தற டேங்க் உசத்தியான்னு பார்க்கறதுக்கு ஒரு போட்டி. எங்க டேங்க் ஒரு பக்கம். வேற ரெஜிமெண்ட்ல இருந்து வந்த மெஷின் டேங்க் இன்னொரு பக்கம். அதுல மூணே பேரு. குண்டு பூரா அவங்க காலுக்குக் கீழ வட்டமா ஒரு தட்டுல அடுக்கியிருக்குது. பட்டனை அமுக்கினா தட்டு சுத்தும், கேட்ட குண்டு வந்து நிக்கும், ஒரு இரும்புக் கை தூக்கி உள்ள தள்ளும். குண்டு மேல உட்கார்ந்துக்கினு சண்டை போடறாங்களே, பாவம்னு நினைச்சேன்.

இன்னா? உங்க மெஷின்ல அப்படி இல்லையா? குண்டு பின்னாடி பெட்டியில தானா? கதவு இருக்குதா? சரி, அத்த யாரு சாத்தறது? அதுவே சாத்திக்குமா? திறந்திருந்தா பீரங்கி வெடிக்காதா? ம். சரி. அது பரவாயில்ல. அந்த ஒரு விஷயம் பரவாயில்ல. டீயைக் குடிங்க, ஆறுது.

போட்டி அன்னிக்குக் காலையில ஒரே பனி. அந்த மெஷின் டேங்க்காரங்க மூணு பேரும் கையைத் தேச்சிக்கினு நிக்கறாங்க. டீ போட ஆள் இல்ல, எப்படி இருக்கும்? எனக்கு மனசு கேக்கலை. போட்டி போட்டியா இருக்கட்டும், வயிறு எல்லாருக்கும் ஒண்ணு தானே. ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கினு போய் மூணு பேருக்கும் டீ ஊத்தினேன். கன்னர் உள்ள உட்கார்ந்து எதையோ துடைச்சிக்கினு இருந்தான், அவனுக்கு மேலருந்தே குனிஞ்சி டம்ளரைக் குடுத்தேன். நல்லா இருக்குதுன்னு இன்னும் கொஞ்சம் கேட்டான். அதுக்குள்ள விசில் அடிச்சிட்டாங்க. ரெண்டு டம்ளர் கைக்கு வந்துச்சி, மூணாவது அவன்கிட்டயே இருந்துச்சி. அப்புறமா வாங்கிக்கலாம்னு ஓடி வந்து எங்க டேங்க்ல ஏறிட்டேன்.

ஆரம்பத்துல மெஷின் தான் முன்னாடி போச்சி. உண்மையைச் சொல்லணும் இல்ல. நாங்க ரெண்டு போட்டா அது மூணு போடுது. ஹவா சிங் சாப் மேலருந்து பூட்ஸ் காலால என் தோளைத் தட்டிக்கினே இருக்காரு. சாபோ, லோடட். சாபோ, லோடட். ஹெஷ், லோடட். கண்ணு இருட்டிக்கினு வருது. அப்புறம் பார்த்தா அந்தப் பக்கம் சத்தமே காணோம். எட்டிப் பார்த்த ஹவா சிங் சாப் சிரிக்கறாரு. மெஷின் நின்னு போச்சி. நாங்க நிறுத்தலை, போட்டுக்கினே இருந்தோம். நாங்க ஜெயிச்சோம்.

அது ஏன் நின்னு போச்சின்னு பின்னால தான் தெரிஞ்சுது. தட்டைக் கழட்டிப் பார்த்திருக்காங்க. நடுவுல ஒரு எவர்சில்வர் டம்ளர் மாட்டிக்கினு இருந்துச்சாம். அப்பளம் மாதிரி நசுங்கிப் போச்சி, ஆனா பேரு மட்டும் அழியலை.

கனகவல்லி, நீ தோசை சுடப் போகலையா? இங்க தான் நின்னுக்கினு இருந்தியா? சரி, கேட்டுட்ட. கேட்டதும் கேட்ட, முழுசா கேளு. இதுல என் தப்பு இன்னா இருக்குது? டீ என்னுது, டம்ளர் என்னுது, இல்ல, உன்னுது தான், உங்கப்பா வாங்கினது தான், ஆனா அத்த கீழ விட்டது நான் இல்ல. ஒரு டம்ளர் விழுந்ததுக்கு வேலை நிறுத்தம் பண்ற மெஷின் ஒரு மெஷினா? என் கால் மேல விழுந்திருந்தா ஒரு ஓரமா தள்ளி விட்டுட்டு அடுத்த குண்டை ஏத்தியிருப்பேன். நீங்க சொல்லுங்க தம்பி, நீங்க படிச்சவரு.

அந்தத் தகட்டை ஜெனரல் கையில வச்சிக்கினு திருப்பித் திருப்பிப் பார்க்கறாரு. இது எந்த பாஷைன்னு கேக்கறாரு. ஒருத்தருக்கும் தெரியலை. ஒரு மேஜர் சாப், ‘எதிரி நாட்டு எழுத்தா இருக்கலாம் சார், சதி வேலையா இருக்கலாம்’னு கிளப்பி விட்டுட்டாரு. எல்லாரும் முகத்தை இறுக்கமா வச்சிக்கிட்டாங்க. அப்ப எவனோ ஒரு புண்ணியவான், ‘இது மதராசி எழுத்து மாதிரி இருக்குதே, லோடரைக் கூப்பிட்டுக் கேக்கலாம்’னுட்டான். என்னை நிறுத்தி வச்சிப் படின்னாங்க. பார்த்தா, கனகவல்லி. பொண்டாட்டி பேரைப் பார்த்துப் பயந்தது எனக்கு அன்னிக்கு தான். வீட்ல பயப்படறது வேற. நான் சல்யூட் அடிச்சிட்டு, ‘சார், இது கம்பெனி பேரு’ன்னேன். ஜெனரல் தகட்டைத் தட்டிப் பார்த்துட்டு, ‘நல்ல கம்பெனி, இவ்ளோ நசுங்கியும் பேரு அழியலை’ன்னாரு. ஒரு ஆளைக் கூப்பிட்டு அந்தக் கம்பெனி பேரைக் குறிச்சிக்கச் சொன்னாரு.

ஜெயிச்சி இன்னா பிரயோஜனம்? கொஞ்ச நாள்லயே எங்க ரெஜிமெண்டுக்கும் மெஷின் டேங்க் வந்துடுச்சி. எப்படி? அந்தத் தட்டு மேல ஒரு மூடி போட்டுக் குடுத்துட்டாங்க. இனிமே டம்ளர் இல்ல, குண்டூசி விழுந்தாலும் உள்ள போகாதாம். ஒரு மூடி தம்பி. என் வேலையை ஒரு தகர மூடி தின்னுடுச்சி.

அட, இன்னா ஆச்சி? புரையேறிடுச்சா? கனகவல்லி, தண்ணி கொண்டா. தலையில தட்டிக்கோங்க. மெதுவா சொல்லுங்க. இன்னாது? உங்க மெஷின்லயும் அந்த மாதிரி மூடி உண்டா? அதுக்கு உங்க ஆபீஸ்ல இன்னா பேரு? கனகவல்லி கவரா? படத்துல அப்படித் தான் போட்டிருக்குதா? பழைய ரிப்போர்ட்ல இருந்து அப்படியே வருதா? ஏன் அந்தப் பேருன்னு இது வரைக்கும் யாருக்குமே தெரியாதா? ஹிந்திக்காரங்க கூட ‘கனக்வல்லி, கனக்வல்லி’ன்னு தான் கேட்டு வாங்கறாங்களா?

இவ சிரிக்கறதைப் பாருங்க. புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கினு சிரிக்கறா. டம்ளர் போன துக்கம் எல்லாம் போயிடுச்சி. ‘என் பேரு டேங்க்ல இருக்குதா மாப்பிள்ளை’ன்னு கேக்கறா. தம்பின்னு சொல்லு கனகவல்லி. எனக்கு சிரிப்பு வரலை. இத்தனை வருஷம் கை காச்சிப் போக குண்டு ஏத்தினது நானு. ஒரு திருகாணிக்குக் கூட என் பேரு வைக்கலை. இவ காட்பாடியைத் தாண்டினது இல்ல, இவ பேரு டேங்க் டேங்க்கா போய்க்கினு இருக்குது.

ஒண்ணு சொல்றேன், இத்த நான் வீட்ல கூட சொன்னது இல்ல. மெஷின் டேங்க் வந்த அன்னிக்கு ஹவா சிங் சாப், கன்னர், டிரைவர் மூணு பேரும் அதுல ஏறி உள்ள போனாங்க. என்னை லங்கருக்கு மாத்தியிருந்தாங்க, சமையல் கூடத்துக்கு. நான் வெளிய கெட்டிலைப் பிடிச்சிக்கினு நிக்கறேன். சாப் மேல தலையை நீட்டி என்னைப் பார்த்தாரு. ‘கரம்’னு சொன்னாரு. பழக்கத்துல முட்டியைத் தூக்கிட்டேன் தம்பி. தட்டறதுக்கு அங்க கதவு இல்ல. அழுதுட்டேன். மூணு பேரு உள்ள இருந்தாங்க, நாலாவது ஆளுக்கு எங்கயும் இடம் இல்ல. அந்த வலி தான் உங்களைப் பார்த்தா வருது. வேற ஒண்ணும் இல்ல.

அதெல்லாம் விடுங்க. ஃப்ரிட்ஜைப் பத்திக் கேட்டீங்க. நீங்க கேக்கலைன்னாலும் கண்ணு அதுல தான் இருக்குது. கீழ ஒரு குழி விழுந்திருக்குது பாருங்க, அது என் முட்டி. வீட்டுக்கு வந்ததும் இந்த ஃப்ரிட்ஜை நான் என் பொறுப்புல எடுத்துக்கிட்டேன். எல்லாத்துக்கும் ஒரு இடம். மாவு கீழ, தயிர் நடுவுல, கறிவேப்பிலை மேல வலது பக்கம். கண்ணை மூடிக்கினு எடுப்பேன். அவ அடுப்படியிலருந்து ‘தயிர்’னு சொன்னா, முட்டியால ஒரு தட்டு, கதவு திறக்கும், எடுப்பேன், சாத்துவேன், குடுப்பேன், ‘லோடட்’னு சொல்லுவேன். அவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். இப்ப கொஞ்ச நாளா கூப்பிடறதே இல்ல, தயிர் வேணாம்னு மோர் குடிக்கறா. வயசானா அப்படித் தான், ருசி மாறும்.

தட்டித் தட்டி கதவு இப்ப சரியா நிக்கறது இல்ல, ஆட்டினா திறந்துக்கும். அதுக்கு நடுவுல அடுப்படிக்கு டைல்ஸ் போட்டோம். ஃப்ரிட்ஜை ஹாலுக்கு இழுத்துக்கினு வந்தோம், சுலபமா வந்துடுச்சி. இப்ப படி உயர்ந்து போச்சி, தூக்கித் தான் உள்ள வைக்கணும். மூணு பேரும் தூக்கிப் பார்த்தோம். தூக்கினா கதவு திறந்துக்குது, கதவைப் பிடிச்சா தூக்க ஆள் இல்ல. உள்ள இருக்கிறதை இறக்கி வச்சிடலாம்னு ஹேமா சொல்லுது. ஏத்தி வச்சதை எவனாவது இறக்குவானா? வரிசை கெட்டுடும். கயிறு போட்டுக் கட்டலாம்னு இவ சொல்றா. கதவைக் கயிறு கட்டிச் சாத்தறது எந்த ஊரு பழக்கம்? கதவுன்னா அதுக்குன்னு ஒரு ஆள் வேணும். மூணு பேரை வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது, நாலாவது ஆள் இல்லாம எந்த வண்டியும் ஓடாதுன்னு தலையால அடிச்சிக்கினு சொல்லிக்கினு இருக்கேன்.

இப்ப எதுக்கு சிரிக்கற கனகவல்லி? நான் டேங்க்கைப் பத்தி சொல்றேன்.

தம்பி, வந்ததே வந்துட்டீங்க, ஒரு கை பிடிங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தூக்கி உள்ள வச்சிட்டு வந்து நான் இல்லைன்னு சொல்லிடறேன், நீங்க கிளம்பிடலாம். ஹேமா, வெளிய வாம்மா. கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேட்டது போதும், கால் விரல் தெரியுது. நீ அந்தப் பக்கம் கீழ பிடி. உங்கம்மா இந்தப் பக்கம். நான் பின்னாடி, மேல சாய்ச்சிப் பிடிச்சிக்கறேன், மொத்த பாரமும் என் மேல தான் வரும், அது எனக்குப் பழக்கம். நீங்க கதவு. நீங்க தான் இங்க லோடர்னு வச்சிக்கோங்க, ஒரு நிமிஷத்துக்கு. இப்படி உள்ளங்கையை வச்சி அமுக்கணும். முழங்கையை ஒட்டி வைங்க, நிலையில மோதும். கதவு நல்லா சாத்தியிருக்குதான்னு பார்த்துட்டு ‘லோடட்’னு சொல்லுங்க. நீங்க சொன்னப்புறம் தான் நாங்க படியில காலை வைப்போம். சொல்லாம ஒருத்தரும் நகர மாட்டோம். அது தான் முறை.

தூக்கு. ஹேமா, குனிஞ்சி தூக்கும்மா. ம். வந்துடுச்சி. கனகவல்லி, விட்டுடாத. அப்படியே. தம்பி, கதவு? சாத்தியாச்சி இல்ல? நல்லா நிக்குதே. சொல்லுங்க.

தம்பி, சொல்லுங்க.

காது கேக்கலையா? ‘லோடட்’னு சொல்லணும். அந்த வார்த்தை தான். மறந்துட்டீங்களா, இப்ப தானே சொன்னேன். கதவு சாத்தியிருக்குது, எனக்கே தெரியுது. ஆனா நான் சொல்லக் கூடாது, நீங்க தான் சொல்லணும். கை நோவுது. இன்னாத்துக்கு என் முகத்தையே பார்க்கறீங்க?

இன்னா? மொதல்ல நான் சொல்லணுமா? நான் இன்னா சொல்லணும்? அத்தயா? இப்பவா கேக்கறது? ஃப்ரிட்ஜ் அந்தரத்துல நிக்குது, மாவுப் பாத்திரம் உள்ள ஆடுது, கேக்கற நேரமா இது? கனகவல்லி, நீ சிரிக்காத, சிரிச்சா உன் பக்கம் இறங்குது. ஹேமா, நீயாவது சொல்லும்மா. சொல்ல மாட்டியா? எல்லாம் ஒண்ணு சேர்ந்துட்டீங்களா?

கீழ வைக்க மாட்டேன். தூக்கினதைக் கீழ வைக்கிறது எனக்கு வழக்கம் இல்ல. மேல போகவும் முடியாது. லோடர் சொல்லாம நான் ஒரு அடி வச்சது கிடையாது, அத்த நானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். ஹவா சிங் சாப், நீங்க எல்லாம் அன்னிக்கு என்னைத் திட்டினது நியாயம் தான். இந்தத் தம்பியும் ஒரு மூச்சு கூடுதலா நிக்கறாரு பாருங்க, நான் நின்ன மாதிரியே, முகத்துல ஒண்ணுமே காட்டாம. முழங்கை கூட சரியா இருக்குது. எந்த மெஷின் இப்படி நிக்கும்? மெஷினா இருந்தா கதவு சாத்தினதும் வேலையைப் பார்த்துக்கினு போயிருக்கும். காத்துக்க வைக்கணும்னு அதுக்கு எங்க தெரியப் போவுது.

சரி.

சரின்னு சொல்லிட்டேன் இல்ல. கல்யாணத்துக்குத் தான். உங்கப்பா அம்மாவை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க, டீ நான் தான் போடுவேன். ஹேமா, அழாத, அழுதா கை நழுவும். இப்பவாவது அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைங்க, இடுப்பு போச்சி.

அது இன்னா முனகல்? ‘லோடட்’னா இப்படியா சொல்லுவாங்க? வயித்துலருந்து கத்துங்க மாப்பிள்ளை.